ஏழாவது வாக்கியம்

1951 ஜனவரியில் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஐக்கிய நாடுகள் சபை இரண்டு வருடங்களுக்கு முன்பே நிறைவேற்றியிருந்த உடன்படிக்கை. ஒரு மக்கள் கூட்டத்தை அந்தக் கூட்டம் என்பதற்காகவே அழிப்பது தனிக் குற்றம் என்று அது சொன்னது. ஆங்கிலத்தில் அந்தக் குற்றத்துக்கு ஒரு வக்கீல் யுத்த காலத்தில்தான் பெயர் வைத்திருந்தார். ஜெனோசைட். தமிழில் பெயர் இல்லை.

பெயர் தேடும் வேலையை நாங்கள் மூன்று பேர் எடுத்துக்கொண்டோம். நாகர்கோயிலில், வடசேரி சந்தைக்கு எதிரே வக்கீல் ரசலையனின் மாடி அறை. சனிக்கிழமை பிற்பகல்களில் கூடுவோம். அப்போது மலையாள ராஜ்யத்தோடு இருந்த எங்கள் பக்கத்துக் கோர்ட்டுகளில் ஆங்கிலமும் மலையாளமும்தான் நடந்தன. நாளைக்குத் தமிழ் வந்தால் சொல் வேண்டுமே என்று வக்கீல் ஒரு சட்டச் சொற்பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தார். இலக்கணத்துக்குக் கோலப்ப பிள்ளை, பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பண்டிதர். எழுதுவதற்கு நான், கல்லூரியில் சரித்திர டியூட்டர். என் பெயர் யூஜின். அப்போது வயது இருபத்தெட்டு.

என் மனைவி குளோரியை 1947 செப்டம்பரில், அம்பாலாவிலிருந்து டில்லி வரும் ரயிலில் கொன்றார்கள். நான் தண்ணீர் பிடிக்க இறங்கியிருந்தேன். அவள் கடைசியாகச் சொன்ன சொல் எது என்று எனக்குத் தெரியும். அவளுடைய அப்பாவுக்குத் தெரியாது. மூன்று வருடமாக என்னிடம் கேட்டுவந்தார். நான் எதையும் கேட்கவில்லை என்று சொல்லிவந்தேன்.

முதல் சனிக்கிழமை நான் எழுதிக்கொண்டு போன சொல் ‘இனக்கொலை’.

“தொகையை விரியும்,” என்றார் பிள்ளை. “இனத்தைக் கொல்லுகதா, இனத்தால கொல்லுகதா, இனத்துக்குள்ள கொல்லுகதா? நாய்க்கடின்னா நாய் கடிச்சது. நாயைக் கடிச்சது இல்ல.”

“நாயைக் கடிக்கவனும் இந்த ஊர்ல உண்டு வே. எனக்குக் கட்சிக்காரன்,” என்றார் வக்கீல்.

“அதுவும் போக, இனம்னா நம்ம ஊர்ல யாரு? கல்யாணத்துக்கு வெத்தல வைக்காட்டா கோவிச்சுக்கிடுகவன். இன சனம். நீரு இப்படி எழுதினா, வரப்புத் தகராறுல மச்சினன வெட்டினவன் அத்தனை பேரும் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கிளம்பிருவான்.”

‘குலநாசம்’ என்றேன். அது சாபம் என்றார் பிள்ளை. ‘கருவறுப்பு’ என்று அவரே ஒன்றைச் சொன்னார். நல்ல சொல். வக்கீல் தலையை ஆட்டினார். அதைச் சொல்லித்தான் தம் தெருவில் இரண்டு வீட்டுப் பெண்கள் தினமும் குழாயடியில் திட்டிக்கொள்கிறார்கள், ஜட்ஜ் சிரித்துவிடுவார் என்றார். கடைசியில் ‘இனக்கொலை’யையே பென்சிலால் எழுதி வைத்தோம்.

பெயர் வைப்பது எளிது. எது அந்தப் பெயருக்குள் வரும், எது வராது என்பதில்தான் மாதம் போயிற்று. வக்கீலுக்கு மதராஸிலிருந்து தபாலில் கட்டுரைகள் வந்தன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பேராசிரியர்கள் எழுதியவை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தச் சண்டையை எங்கள் மாடியிலும் போட்டோம்.

“செத்தவன எண்ணாதீரும்,” என்பது வக்கீலின் கட்சி. “கொன்னவன் மனசைப் பாரும். ஒரு ஊரே காலராவுல போனாலும் இந்தக் குற்றம் இல்ல. அந்தக் கூட்டமே பூமியில இருக்கப்பிடாதுன்னு நெனச்சுக் கொன்னா, குற்றம். நோக்கம் வேணும்.”

“முழுவதையுமோ ஒரு பகுதியையோ அழிக்கும் நோக்கம்னு போட்டிருக்கான். பகுதின்னா எத்தனை பேரு?” என்றார் பிள்ளை.

“எழுதல்ல.”

“ஒருத்தன் பகுதியா?”

“ஒருத்தன் கொலை.”

“ரெண்டு பேரு?”

“ரெண்டு கொலை.”

“அப்போ எத்தனையாவது ஆளு விழுகப்போ கொலை இனக்கொலை ஆகும்? அந்த ஆளு வந்து நின்னு கையெழுத்துப் போடுவானா?”

“அதுக்குத்தானவே பெரிய பெரிய புரபசர்மாரு அடிச்சுக்கிடுகா.”

இன்னொரு நாள், அரசியல் கட்சிக்காரர்களைக் கூட்டமாகக் கொன்றால் இந்தச் சட்டத்தில் வராது என்று வக்கீல் வாசித்தார். முதலில் அது எழுதப்பட்டிருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள்.

“யாரு எடுத்தா?” என்றார் பிள்ளை.

“நாடுகள் கூடிப் பேசி எடுத்தது.”

“கொல்லணும்னு நெனச்சிருக்கவன் எடுத்திருப்பான்.”

நான் எழுதிக்கொண்டேன். சனிக்கிழமைகள் எனக்குப் பிடித்திருந்தன. அந்த அறையில் சாவுக்கு உட்பிரிவுகள் இருந்தன. ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதலாம். கை ஓயாமல் இருக்கும்.

குளோரி தேங்காய்ப்பட்டணத்துக்காரி. நான் கோட்டாறு. இடையில் இருபது மைல் சொச்சம். ஆனால் பேச்சு வேறு. கல்யாணமாகி வந்த முதல் நாள் எங்கள் வீட்டில் “குடிக்கதுக்கு வெள்ளம்” கேட்டாள். அங்கே தண்ணீருக்கு அதுதான் பெயர். என் தங்கை பேபி, “ஆத்துல வந்ததும் சொல்லுகேன் மைனி,” என்றாள். வீடே சிரித்தது. குளோரியும் சிரித்தாள்.

நாங்கள் ‘இல்லை’ என்று சொல்லும் பல இடங்களில் அவள் ‘அல்ல’ என்பாள். இது உப்பா? ‘அல்ல, சீனியாக்கும்.’ கடைசி எழுத்தை நீட்டிப் பாடுவாள். அவள் கரையில் எல்லாரும் அப்படித்தான். பேபி அவள் பின்னாலேயே நடந்து, காதில் கையை வைத்து, பள்ளிவாசலில் வாங்கு சொல்வதுபோல நீட்டிக் காட்டுவாள். குளோரி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு துரத்துவாள்.

1947 பிப்ரவரியில் அவளை அம்பாலாவுக்கு அழைத்துப் போனேன். அங்கே ராணுவக் கணக்கு அலுவலகம் ஒன்றில் எனக்கு கிளார்க் வேலை. இரண்டு அறை வீடு. பேச ஆள் கிடையாது. அவளுக்கு நான், எனக்கு அவள். ஒரு நாள், அடுப்பில் இருப்பது பருப்பா என்று கேட்டேன். “இல்ல,” என்றாள். அவள் வாயில் அது சட்டை மாற்றிப் போட்டதுபோல இருந்தது.

“என்ன புதுசா?”

“பேபி சிரிக்கா. ஊருக்குப் போகுகதுக்குள்ள உங்க பேச்சு படிச்சுப்போடணும்.”

நான் படித்தவன். விளக்கம் சொன்னேன். ஒன்று இருக்கவே இருக்காது என்றால் ‘இல்லை’. ஒன்று இன்னொன்றாக இருக்காது என்றால் ‘அல்ல’. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த வித்தியாசம் மறந்துபோய்விட்டது. “உங்க கரைக்குத்தான் ஓர்மை இருக்கு. நீ சொல்லுகதுதான் சரி. மாத்தாத,” என்றேன்.

அவளுக்குச் சந்தோஷம். தன் பேச்சு சரியான தமிழ் என்று அப்பாவுக்குக் கடிதம் எழுதச் சொன்னாள். எழுதினேன். அதன் பிறகு அவள் மாற்றவில்லை.

செப்டம்பர் இரண்டாம் வாரம் ஊருக்குக் கிளம்பினோம். அங்கே இருக்க முடியாது என்று ஆகிவிட்டது. ரயில் ஒரு மணி நேரம் ஓடும், மூன்று மணி நேரம் நிற்கும். டில்லிக்கு முன்னால் ஒரு சிறு நிலையத்தில் நின்றது. காலை பத்து மணி இருக்கும். குளோரி, “கொஞ்சம் வெள்ளம் கிட்டுமா?” என்றாள். கூஜாவை எடுத்துக்கொண்டு இறங்கினேன். குழாயில் கூட்டம்.

அவள் ஜன்னலோரம் இருந்தாள். மாதா கோவிலில் பூசை காணும்போது இருப்பதுபோல முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். கையில் ஜெபமாலை. பொட்டு வைக்கும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. வண்டிக்குள் ஏறியவர்கள் பார்த்தது இவ்வளவுதான்.

அந்த வாரம் அந்தப் பக்கத்தில் அவர்கள் தேடியது முஸ்லிம்களை. எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு ஆட்கள் வேறு ஆட்களைத் தேடினார்கள். ஒருவன் அவளிடம் கேட்டான். “முசல்மான்?”

அந்தச் சொல் எந்த ஊரிலும் புரியும். குளோரிக்குப் புரிந்தது. உண்மையைச் சொன்னாள். பயத்தில் நீட்டிச் சொல்லியிருப்பாள். திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பாள். கேள்வி அவளுக்குப் புரிந்தது. பதில் அவர்களுக்குப் புரியவில்லை.

நான் திரும்பி வந்தபோது அவர்கள் போயிருந்தார்கள். எதிர் இருக்கையில் ஒரு கிழவர். எனக்கு விளங்கும் அளவுக்கு மெதுவாக இந்தியில் சொன்னார். “தான் முஸ்லிம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். அவள் கடைசிவரை ஆண்டவன் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தாள். அல்லா, அல்லா என்று. அவள் உனக்கு யார்?”

கூஜாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அடுத்த பெரிய நிலையத்தில் செத்தவர்கள் எல்லாரையும் இறக்கினார்கள். எரிப்பதற்கு ஒரு வரிசை. புதைப்பதற்கு ஒரு வரிசை. ஒரு சிப்பாய் என்னைக் கேட்டான். புதைக்க என்றேன். அந்த வரிசையில் மற்ற எல்லாரும் முஸ்லிம்கள். ஒரே நீளக் குழி. சிலுவை நடவில்லை. ஜெபமாலையை மட்டும் ஊருக்குக் கொண்டுவந்து அவள் அப்பாவிடம் கொடுத்தேன்.

அன்றிலிருந்து அந்தச் சொல்லை நான் பேசுவது கிடையாது. எழுதுவதும் கிடையாது. அதிலிருந்து பிறந்த சொற்கள்கூட வேண்டாம். சுற்றி வேறு வழியாகப் போய்விடுவேன். இங்கேயும் மேற்கோள் குறிக்குள் மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

குளோரியின் அப்பா இஞ்ஞாசிக்குக் கருவாட்டு வியாபாரம். மாதம் ஒரு முறையாவது வடசேரி சந்தைக்கு வருவார். முடிந்ததும் என்னைத் தேடி வருவார். ஓலையில் பொதிந்த கருவாடு கையில் இருக்கும். “இது கொளச்சல் சாளை அல்ல மக்கா. நம்ம கரையில உள்ளதாக்கும்,” என்று நீட்டுவார். பிறகு கேட்பார்.

“ஒரு காரியம் கேக்கட்டா மக்கா?”

“கேளுங்க மாமா.”

“அவளுக்குக் கடைசியில வாயில என்ன வந்து? அவளுக்க அம்மை கெடந்து கேக்கா. அம்மான்னு விளிச்சாளா, மாதாவேன்னு விளிச்சாளா?”

“நான் தண்ணிக்குப் போயிருந்தேன் மாமா.”

“அது ஓர்மை உண்டு. பக்கத்துல இருந்த மனுசமாரு ஒண்ணும் சொல்லல்லியா?”

“இல்ல மாமா.”

பரவாயில்லை என்பதற்கு “சாரமில்ல,” என்பார். மடியில் இருக்கும் ஜெபமாலையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். அடுத்த மாதம் மறுபடி கேட்பார். ஒரு தடவைகூடக் குரல் உயர்ந்தது கிடையாது. சத்தம் போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை அவர் நேராக வக்கீலின் மாடிக்கே வந்துவிட்டார். கோட்டாறு வரை நடக்கவேண்டாமே என்று பார்த்தாராம். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. வக்கீல் அவரை பெஞ்சில் உட்காரச் சொல்லி, கீழே கடையிலிருந்து காப்பி வரவழைத்தார். கருவாட்டுப் பொதியை அவர் வாசலுக்கு வெளியே வைத்தார்.

“உள்ளயே வையும்வே. இங்க எல்லாரும் தின்னுகவந்தான், பிள்ளையத் தவிர,” என்றார் வக்கீல்.

“பிள்ளையும் மோப்பம் பிடிப்பாரு,” என்றார் பிள்ளை.

அன்று நாங்கள் விளக்கக் குறிப்பை முடிக்கவேண்டும். எவை இனக்கொலைக்குள் வராதவை என்று ஆறு வாக்கியங்கள் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பிள்ளை சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தார். முதல் வரியிலேயே நின்றார். பிறகு வேகமாகக் கீழே வரை பார்த்தார்.

“என்னவே இது! ‘போர்க்களத்தில் படைவீரர் இறப்பது இனக்கொலை இல்லை.’ ‘கொள்ளைநோயால் இறப்பது இனக்கொலை இல்லை.’ ஆறு வாக்கியம், ஆறுலயும் ‘இல்லை’. நீரு பி.ஏ. தானா? இல்லைன்னா இல்லாமப் போறது. இது அது ஆகாதுன்னு சொல்லணும்னா என்ன போடணும்?”

“அன்று,” என்றார் வக்கீல்.

“இலக்கணம் அதுதான். ஆனா அதைப் போட்டா ஓம்ம கோர்ட்டுல ‘அன்று’ன்னா எந்த நாளுன்னு கேட்டு ஒருத்தன் வாய்தா வாங்குவான். ‘அல்ல’ போதும். பன்மைக்கு உள்ளது, இருந்தாலும் இப்போ எல்லாத்துக்கும் ஆகும்.”

பெஞ்சிலிருந்து இஞ்ஞாசி மாமா சிரித்தார். “அது எங்க பாசை அல்லியா சாரே? எங்க பிள்ளைக இங்க வந்து அப்பிடிப் பேசினா நாகர்கோயில்காரருக்கு இளப்பம். இப்பம் சட்டத்துலயே போடுகியளா?”

“உங்க கரையிலதான் அது ஓர்மை இருக்கு,” என்றார் பிள்ளை. “நீங்க சொல்லுகதுதான் சரி.”

அம்பாலாவில் நான் சொன்ன அதே வாக்கியம்.

“எனக்க மோளும் ஒருக்க காயிதம் எழுதினா சாரே. நம்ம பேச்சாக்கும் சரியான தமிழுன்னு. மருமோன் சொல்லிச்சாம். நான் அத கரையில எல்லாரட்டயும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.”

பிள்ளை என் பக்கம் தாளைத் தள்ளினார். “மாத்தி வாசியும்.”

வாசித்தேன். ‘போர்க்களத்தில் படைவீரர் இறப்பது இனக்கொலை’ வரை வந்தேன். அதற்கு மேல் வாய் போகவில்லை. இரண்டாம் முறை வாசித்தேன். அங்கேயே நின்றேன். தொண்டை கட்டிவிட்டது என்று வக்கீல் நினைத்திருக்கவேண்டும். என் காப்பியை என் பக்கம் நகர்த்திவிட்டு அவரே பேச்சைத் தொடர்ந்தார்.

“ஏழாவதா ஒண்ணு வேணும். ஆள் மாறிப் போறது. ஒரு கூட்டத்த அழிக்கணும்னு கிளம்பினவன், அந்தக் கூட்டத்து ஆளுன்னு நெனச்சு வேற ஒருத்தரக் கொன்னுட்டா? சட்டம் ‘அந்தக் குழுவின் உறுப்பினர்களைக் கொல்லுதல்’ங்குது. உறுப்பினர் இல்லாதவர் இதுல வரமாட்டாரு. அது சும்மா கொலை. எழுதும் யூஜின்.”

“யாரு உறுப்பினர்னு யாரு சொல்லுகா?” என்றார் பிள்ளை. “செத்தவனா, கொன்னவனா?”

“உண்மை சொல்லும்.”

“உண்மைய எங்க வே போய்ப் பாத்துக் கொல்லுகான்? கோடு கிழிக்கவன் அவன். கோட்டுக்குள்ள யாரு நிக்கான்னு முடிவு செய்யுகவனும் அவன்.”

“அப்படிப் பாத்தா சட்டத்துக்கு எல்லையே கிடையாது. யாரு வேணும்னாலும் உள்ள வரலாம்.”

“நோக்கம் வேணும், நோக்கம் வேணும்னு ஒரு மாசமாத் தொண்டத்தண்ணி வத்தக் கத்தினது நீரு. அவன் நோக்கத்துல ஆள் மாறல்ல. கையிலதான் மாறிச்சு.”

வக்கீல் சிரித்தார். “புலவரு வக்கீலாப் போயிருக்கலாம். சரி, சரித்திரக்காரன் என்ன சொல்லுகான்? யூஜின், ஏழாவது உண்டா, வேண்டாமா?”

அவர்கள் மேல் தப்பு கிடையாது. என் மனைவி வடக்கே கலவரத்தில் செத்தாள் என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும்.

எனக்கு எதிரே பெஞ்சில் மாமா காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, புரியாத பேச்சை மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

“மாமா,” என்றேன். “முசல்மானான்னு கேட்டிருக்காங்க.”

“ஆரட்ட?”

“குளோரிட்ட.”

வக்கீல் தாளைக் கீழே வைத்தார்.

“பக்கத்துல இருந்தவரு சொன்னாரு. அவ இல்லன்னு சொல்லல்ல மாமா. உங்க ஊர்ல எப்படிச் சொல்லுவீங்களோ அப்படிச் சொல்லியிருக்கா.”

அவருக்கு உடனே விளங்கவில்லை. உதடு அசைந்தது. சத்தமில்லாமல் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு சத்தமாக, நீட்டி, அவர் கரையில் சொல்வதுபோலவே ஒரு முறை. சொன்னபோது தலையை ஒரு பக்கம் சாய்த்திருந்தார். வேறு யாரோ சொல்வதைக் கேட்பதுபோல.

டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். அது சாய்ந்து காப்பி ஓடியது. தோள் துண்டால் துடைத்தார். முழுவதும் துடைத்து முடித்தார்.

“இது எப்பம் தெரியும் ஒனக்கு?”

“அன்னைக்கே.”

“மூணு வருசம்.”

“ஆமா மாமா. முசல்மான்களோடதான் பொதச்சாங்க. ஒரே குழியில.”

அவர் தலையாட்டினார். நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

“அவ மாத்திப் பேசப் பாத்தா மாமா. நாந்தான் மாத்தாதன்னேன். சரியான தமிழ்னு சொன்னேன்.”

“அது நீ குடுத்த வார்த்தையா மக்கா?” என்றார். அவர் குரல் அப்போதும் உயரவில்லை. “நான் படிப்பிச்சதாக்கும். நடக்கத் தொடங்கின பிராயம். வலைக்குப் பக்கத்துல வந்து நிப்பா. ‘நீ அம்மைக்க மோளா?’ம்பேன். ‘அல்ல’ம்பா. ‘மாமனுக்க மோளா?’ ‘அல்ல.’ ‘பின்ன ஆருக்க மோளு?’ன்னா ஒண்ணும் சொல்லமாட்டா. வந்து கழுத்தக் கட்டிக்கிடுவா. அது ஒரு களியாக்கும் எங்களுக்கு. தெனமும் நடக்கும்.”

வக்கீலைப் பார்த்தார்.

“சாரே, எனக்கு எழுத்து அறியாது. நிங்க இம்புட்டு நேரம் பேசினது இந்தக் காரியமா?”

“ஆமா பெரியவரே.”

“இந்தச் சட்டத்துல எனக்க மோள் உண்டுமா?”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். “இது பெரிய கூட்டங்களுக்கு உள்ள சட்டம். ஒரு ஆளுக்கு வேற சட்டம் இருக்கு. கொலைச் சட்டம்.”

“அதுல உண்டுமா?”

“கொன்னவன் யாருன்னு தெரியணும்.”

“அப்பம் அதுலயும் இல்ல.”

“கொன்னவன் அவளச் சேத்துக்கிட்டான்,” என்றார் பிள்ளை. வக்கீலைப் பார்த்துச் சொன்னார், ஆனால் வாதாடும் குரல் போயிருந்தது. “பொதச்சவனும் சேத்துக்கிட்டான். ஓம்ம சட்டம் மட்டுந்தான்வே வாசல்ல நிக்க வச்சிருக்கு.”

மாமா என்னைப் பார்த்தார். நான்தானே எழுதுகிறவன். “உண்டுமா மக்கா?”

“இல்ல மாமா,” என்றேன். ‘உண்டா’ என்று கேட்டால் அதுதான் பதில். எங்கள் ஊரிலும் அவர் ஊரிலும் அதே சொல்தான்.

அவர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். ஈரம் அவர் சட்டையில் பட்டது. “அவளுக்க அம்மைக்கிட்ட இது ஒண்ணும் பேசப்பிடாது. மாதாவேன்னு விளிச்சான்னு நான் சொல்லிக்கிடுகேன். நீயும் அதையே சொல்லு.”

“சரி மாமா.”

அதற்குள் பிள்ளை தாளைத் தன் பக்கம் இழுத்திருந்தார். சிவப்புப் பென்சிலை விட்டுவிட்டு என் பேனாவை எடுத்தார். ஆறு ‘இல்லை’களையும் ஒவ்வொன்றாக அடித்தார். ஒவ்வொன்றின் மேலும் ‘அன்று’ என்று எழுதினார்.

“வாய்தா கேக்கவன் கேக்கட்டும்,” என்றார் யாரையும் பார்க்காமல்.

ஏழு என்ற எண்ணை நான் ஏற்கெனவே போட்டிருந்தேன். அதற்கு எதிரே ஒன்றும் இல்லை. வக்கீல் அதைப் பார்த்தார். எழுதச் சொல்லவில்லை.

மாமாவை பஸ்ஸுக்கு அழைத்துப் போனேன். சந்தை கலைந்துகொண்டிருந்தது. தேங்காய்ப்பட்டணம் பக்கம் போகும் வண்டி புறப்படத் தயாராக நின்றது. அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் கீழே நின்றேன். கருவாட்டுப் பொதியை என்னிடம் நீட்டினார். எந்தக் கரைச் சாளை என்று அன்று சொல்லவில்லை.

இடுப்பில் கூடையோடு ஒரு பெண் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. ஒரு கால் படியில் இருந்தது. ஜன்னலில் இருந்த அவரைப் பார்த்துக் கேட்டாள்.

“பாட்டா, இது கொளச்சல் வண்டியா?”

மாமா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். கையை மட்டும் பக்கவாட்டில் அசைத்தார். அவளுக்கு அது தெளிவாகவில்லை.

“கேக்கது விழல்லியா பாட்டா? கொளச்சல் வண்டியா?”

அவர் மறுபடி வாயைத் திறந்தார். உதடு கோணியது. என்னைப் பார்த்தார். அறுபது வருடம் தினமும் நூறு தடவை சொன்ன சொல். நான் அதை அவரிடமிருந்தும் எடுத்துவிட்டேன்.

“இல்ல,” என்றேன் அந்தப் பெண்ணிடம்.

சரியான சொல் அது கிடையாது. அவளுக்குப் புரிந்தது. காலைப் படியிலிருந்து எடுத்துக்கொண்டு அடுத்த வண்டியைத் தேடிப் போனாள்.